புரூகலின் மீன் படத்தில் போராட்டம் எங்கே இருக்கிறது?

கேள்வி:
பதினாறாம் நூற்றாண்டு ஓவியர் பீட்டர் புரூகல் வரைந்து, பீட்டர் வான் டெர் ஹெய்டன் செப்புத் தகட்டில் செதுக்கி, 1557இல் இன்றைய பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில் ஹியரோனிமஸ் கொக் வெளியிட்ட ‘பெரிய மீன்கள் சிறிய மீன்களைத் தின்கின்றன’ என்னும் அச்சுப்படத்தைப் பற்றிக் கட்டுரை எழுதிவருகிறேன். வலியவர் எளியவரை விழுங்குவதே அதன் பொருள் என்பது தெளிவு. ஆயினும் எந்த மீனும் எதிர்த்து நிற்பதாகத் தெரியவில்லையே. அதில் போராட்டம் என்று எதைக் குறிப்பிடுவது?

மறுமொழி 1:
மீன்களுக்குள் தேடினால் கிடைக்காது. கரையில் கிடக்கும் பெருமீனின் வாயிலிருந்தும் கிழிந்த வயிற்றிலிருந்தும் மீன்கள் சரிகின்றன. அவற்றின் வாய்களிலும் வேறு மீன்கள் சிக்கியிருக்கின்றன. அத்தனையையும் விழுங்கிய அதுவே அசைவற்றுக் கிடக்க, தலைக்கவசம் அணிந்த சிறிய மனிதன் ஒருவன் தன் உடலுக்குப் பொருந்தாத பெருங்கத்தியால் அதன் வயிற்றை அறுக்கிறான். கத்தியின் அலகில் சிலுவை பொருந்திய உலக உருண்டையின் குறி இருக்கிறது. ஆகவே இங்கே அதிகாரம் உருவத்தின் அளவில் இல்லை. ஆயுதம் யாருடைய கையில் இருக்கிறது என்பதில் இருக்கிறது.

மறுமொழி 2:
ஆண்ட்வெர்ப் அன்று பெரும் வணிக நகரம். அதே 1557இல், அந்நகரையும் ஆண்ட ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப் தம் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியதால், அவருக்குக் கடன் கொடுத்த வங்கியாளர்கள் நிலைகுலைந்தனர். படம் அதைத்தான் சாடுகிறது என்று கொள்ளலாமே?

மறுமொழி 3:
அப்படிக் கொள்வது கடினம், நண்பரே. வியன்னாவின் ஆல்பெர்டினா அருங்காட்சியகத்தில் உள்ள மூலக் கோட்டோவியத்தில் புரூகலே 1556 என்று ஆண்டு குறித்திருக்கிறார். படத்தின் தலைப்பாக உள்ள பழமொழியோ அதைவிட மிகப் பழையது. அச்சுப்படத்தில் அவர் பெயரே இல்லை என்பதையும் கவனியுங்கள். 1516இல் இறந்துபோன ஓவியர் ஹியரோனிமஸ் பாஷின் கற்பனை என்றே கொக் அதில் பொறித்தார். பாஷின் பெயருக்குச் சந்தையில் அவ்வளவு மதிப்பு இருந்தது. (பதிப்பகத்திலும் பெரிய மீன் சிறிய மீனை விழுங்கிவிட்டது போலும்!)

கேள்வி கேட்டவருக்கு ஒன்று: முன்னால் இருக்கும் படகைப் பாருங்கள். தந்தை மகனுக்குப் பெருமீனைச் சுட்டிக்காட்டுகிறார். பெரிய மீன்கள் சிறியவற்றைத் தின்னும் என்பதை நெடுங்காலமாக அறிவேன் என்று அவர் மகனிடம் கூறுவதாகவே படத்தின் கீழேயுள்ள பிளெமிஷ் மொழி வரிகள் அமைந்துள்ளன. மகனோ அதே படகில் ஒரு மீனின் வயிற்றுக்குள் இருந்த சிறு மீனை வெளியே எடுக்கும் மனிதனைக் கைகாட்டுகிறான். பாடம் சொல்பவரும் மீன் பிடிப்பவர்களோடு ஒரே படகில்தான் அமர்ந்திருக்கிறார் என்பதால், கட்டுரையை அந்தச் சிறுவனின் கையிலிருந்து தொடங்கலாம் என்பது என் கருத்து.