முத்வாராவில் முந்திரி ஆலை வேலை: ஆப்பிரிக்காவில் செலவு உண்மையிலேயே குறைவுதானா?

கேள்வி: கருங்கல் முந்திரி

அனைவருக்கும் வணக்கம். கருங்கல் பக்கத்தில் ஒரு முந்திரி ஆலையில், எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால் அண்டி ஆபீசில், பதினான்கு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். வேகவைப்பில் தொடங்கி உடைப்பு, போர்மா (பருப்பைச் சூட்டறையில் உலர்த்துவது), தோலுரிப்பு, தரம்பிரிப்பு என்று எல்லாப் பிரிவிலும் நின்று, இப்போது மேற்பார்வையாளராக இருக்கிறேன். மூட்டையைப் பிரித்து ஒரு கைப்பிடிக் கொட்டையை வெட்டிப் பார்த்தால் அவுட்டர்ன், அதாவது உடைத்தால் தேறும் பருப்பு, எவ்வளவு வரும் என்று ஏறத்தாழச் சொல்லிவிடுவேன். தொழில் கையில் இருக்கிறது. ஆனால் எங்கள் ஆலை ஆண்டில் பாதி நாள்தான் ஓடுகிறது. தூத்துக்குடி வழியாக வந்துகொண்டிருந்த கொட்டையைத் தங்கள் நாட்டிலேயே உடைத்துப் பருப்பாக விற்க வேண்டும் என்று ஆப்பிரிக்க அரசுகள் முனைவதால், கொட்டை போகிற இடத்துக்கே நாமும் போக வேண்டிய காலம் வந்துவிட்டதோ என்று தோன்றுகிறது.

தான்சானியாவின் தெற்குக் கடற்கரையில் உள்ள முத்வாரா என்ற ஊரில் ஓர் ஆலையில் மாதம் 900 டாலர் சம்பளத்தில் வேலை இருப்பதாக ஒரு முகவர் கூறுகிறார். சேவைக் கட்டணமாக ஒன்றரை இலட்சம் ரூபாய் கேட்கிறார். முதலில் சுற்றுலா விசாவில் சென்றுவிடலாம், அனுமதியை அங்கே போன பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்கிறார். அங்கே எல்லாம் மலிவு, சம்பளத்தில் கால்பங்கு செலவழித்தாலே குடும்பத்தோடு வசதியாக இருக்கலாம் என்பது அவருடைய கணக்கு. எனக்கு மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உண்டு. மூத்தவள் எட்டாம் வகுப்பு. மனைவி அங்கே சிறியதொரு பலசரக்குக் கடை வைக்கலாம் என்றும் பேச்சு இருக்கிறது. அங்கே வாழ்ந்தவர்கள் யாராவது இருந்தால், இந்த மலிவுக் கணக்கு சரியா என்று கூறுங்கள்.

பதில் 1: குழித்துறைக்காரன்

தம்பி, நான் 2016 முதல் 2022 வரை தான்சானியாவில் இருந்தேன். அதில் முதல் மூன்றாண்டு முத்வாராவில், உங்களுடைய அதே தொழிலில். மலிவு என்பது பொய்யல்ல. ஆனால் அந்த மலிவு அந்த ஊர்க்காரன் வாழ்கிற வாழ்க்கைக்கு உரியது. சோள மாவில் கிண்டிய உகாலி, கீரை, மீன், மரச்சீனி (மரவள்ளி) கிழங்கு என்று சாப்பிட்டு, ஊர்ப் பேருந்தில் போய், அரசு மருத்துவமனையில் வரிசையில் நிற்பவருக்கு அது மலிவான ஊர். கன்னியாகுமரிக்காரனுக்கு இதில் ஓரளவு நன்மையும் உண்டு. மரச்சீனியும் தேங்காயும் மீனும் நமக்குப் புதியவை அல்ல. காலையில் கடற்கரைக்குப் போனால், நம் குளச்சலில் ஏலம் கூவுவதைப் போலவே அங்கேயும் மீனைக் கூறு போட்டு விற்பார்கள். துவரை அந்தப் பகுதியிலேயே விளைகிறது. ம்பாஸி என்று கேட்டால் கிடைக்கும், முழுப்பயறாகத்தான் கிடைக்கும், உடைத்துக்கொள்ள வேண்டும். புளி, காயம், நல்ல மிளகாய்ப்பொடி, இட்லி அரிசி என்று நாக்கு கேட்கத் தொடங்கும் போதுதான் செலவு ஏறும், ஏனென்றால் அவை 550 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பெருநகரமான தாருஸ்ஸலாமிலிருந்து வர வேண்டும்.

வீட்டு வாடகையும் கேட்கும்போது குறைவாகத்தான் தெரியும். ஆனால் வீட்டுக்காரர் மாதாமாதம் வாங்கமாட்டார்; ஆறு மாத வாடகையை, சில வேளை ஓராண்டு வாடகையை, மொத்தமாக முன்கூட்டியே கேட்பார். மின்சாரத்துக்கு லூக்கு என்ற முன்பண மீட்டர். கைப்பேசியில் பணம் கட்டினால் ஒரு நீண்ட எண் வரும், அதை மீட்டரில் அழுத்த வேண்டும். பணம் தீர்ந்தால் நள்ளிரவானாலும் விளக்கு அணைந்துவிடும். முதல் வாரம் நான் இருட்டில் அமர்ந்து, அந்த எண்ணைத் தவறாக அழுத்தி அழுத்தி வியர்த்தது இன்னும் நினைவிருக்கிறது.

உங்கள் முகவர் சொல்லாமல் விட்டது வரி. அங்கே சம்பள வரி மாதம் 2,70,000 ஷில்லிங்குக்கு மேல் தொடங்கிவிடும். பத்து இலட்சம் ஷில்லிங்கைத் தாண்டிய பகுதிக்கு முப்பது விழுக்காடு. டாலருக்கு 2,600 ஷில்லிங் என்று வைத்துக்கொண்டால் 900 டாலர் என்பது 23,40,000 ஷில்லிங். இதில் தொழிலாளி பங்காகச் சமூகப் பாதுகாப்பு நிதிக்குப் பத்து விழுக்காடும், மீதிக்கு வரியும் போனால், கைக்கு வருவது ஏறத்தாழ 630 டாலர். ஆகவே 900 என்பது பிடித்தத்துக்கு முன்பா, பின்பா என்பதை எழுத்தில் கேளுங்கள். இந்த ஒரு சொல்லில் மாதம் 270 டாலர் அடங்கியிருக்கிறது. மலிவு விலை அரிசியில் நீங்கள் எவ்வளவு மிச்சம் பிடித்தாலும் அதை ஈடுகட்ட முடியாது.

சுற்றுலா விசாவில் வா என்று சொல்பவரை நம்பாதீர்கள். அந்த விசாவில் வேலை செய்வது அங்கே குற்றம். 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி வேலை அனுமதி குறிப்பிட்ட முதலாளிக்கென்று வழங்கப்படுகிறது. இரண்டாண்டு செல்லும், புதுப்பிக்கலாம். குடியிருப்பு அனுமதி அதற்குத் தனி. இரண்டுக்கும் சேர்த்துக் கட்டணம் பெரியது. அதை நிறுவனம் ஏற்பதாக ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். என்னோடு இருந்த ஒருவர் அனுமதிக்குக் காத்திருந்த நான்கு மாதமும் ஆலை வளாகத்தை விட்டு வெளியே வரவில்லை; சோதனைக்கு அதிகாரிகள் வந்தால் கிடங்கின் பின்புறம் ஒளிவார். நாற்பது வயதில் அப்படி ஒளிவதற்கா கடல் தாண்டிப் போகிறோம்?

நம் தொழிலுக்கே உரிய இடர் ஒன்றும் உண்டு. 2018 நவம்பரில் விலைத் தகராறு முற்றி, அன்றைய அதிபர் மகுஃபுலி முந்திரி விளைச்சல் முழுவதையும் அரசே கிலோ 3,300 ஷில்லிங்குக்கு வாங்கும் என்று அறிவித்து இராணுவ வண்டிகளை அனுப்பினார். அந்தப் பருவத்தில் எங்கள் ஆலைக்குக் கொட்டை கிடைக்கவில்லை; மூன்று மாதச் சம்பளம் தாமதமாகத்தான் வந்தது. அங்கே அறுவடை அக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை நீளும். கொட்டை இல்லாத மாதங்களில் முழுச் சம்பளம் உண்டா என்பதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ருவுமா ஆற்றுக்குத் தெற்கே மொசாம்பிக்கின் காபோ டெல்காடோ மாகாணத்தில் 2017 முதல் ஆயுதக் கிளர்ச்சி நடக்கிறது. முத்வாரா நகரில் நான் அச்சப்பட்டதில்லை, ஆனால் எல்லைப்புறக் கிராமங்களில் கொட்டை பார்க்கப் போகச் சொன்னால் யோசியுங்கள்.

பதில் 2: கோட்டாறு ஓய்வாசிரியர்

குழித்துறைத் தம்பி வரியைப் பற்றிச் சொன்னார். நான் நாணயத்தைப் பற்றிச் சொல்கிறேன். 1983-இல் சாம்பியாவுக்குக் கணித ஆசிரியராகப் போனேன். நம் நாகர்கோவில் பகுதியிலிருந்தும் கேரளத்திலிருந்தும் அக்காலத்தில் பலர் சாம்பியா, எத்தியோப்பியா, நைஜீரியா என்று ஆசிரியப் பணிக்குச் சென்றார்கள். என் சம்பளம் குவாச்சாவில். அதில் ஒரு பகுதியை மட்டுமே ஊருக்கு அனுப்ப அனுமதி. மீதியை அங்கே வங்கியில் சேர்த்து வைத்தேன், இரண்டாண்டு கழித்து வீடு கட்டலாம் என்று. 1985 அக்டோபரில் அந்நியச் செலாவணியை ஏலத்தில் விடும் முறையை அரசு கொண்டுவந்தது. சில வாரங்களுக்குள் டாலர்க் கணக்கில் என் சேமிப்பு பாதிக்கும் கீழே போயிற்று. நான் ஒரு குவாச்சாவும் வீண்செலவு செய்யவில்லை. உறங்கி எழுந்தபோது வீட்டின் மேல்மாடி காணாமல் போயிருந்தது. பிற்காலத்தில் 2013-இல் அந்நாடு ஆயிரம் பழைய குவாச்சாவை ஒரு புதிய குவாச்சாவாக்கியது என்று படித்தபோது, நம் மாணவர்களுக்கு நான் நடத்திய சுழியங்களெல்லாம் நினைவுக்கு வந்தன.

இது பழங்கதை என்று எண்ண வேண்டாம். மலாவி 2023 நவம்பரில் தன் நாணயத்தை நாற்பத்துநான்கு விழுக்காடு மதிப்பிறக்கியது. நைஜீரிய நைராவும் அந்த ஆண்டு முதல் பெருவீழ்ச்சி கண்டது. ஒரு நாடு வெளிநாட்டவருக்கு மலிவாகத் தெரிவதற்கு, அதன் நாணயம் விழுந்துகொண்டிருப்பதே பல நேரம் காரணம். டாலர் வைத்திருப்பவனுக்கு அது மலிவு. அந்த நாணயத்திலேயே சம்பளம் வாங்குபவனுக்கு அது நட்டம். தான்சானியாவில் 2025 மார்ச் முதல் உள்நாட்டில் வெளிநாட்டு நாணயத்தில் விலை கூறுவதும் வாங்குவதும் தடை செய்யப்பட்டிருப்பதால், 900 டாலர் என்பது எந்த நாளின் மாற்று விகிதத்தில் ஷில்லிங்காகத் தரப்படும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். சேமிப்பை அங்கே குவிக்காமல் மாதந்தோறும் அனுப்பிவிடுங்கள். புறப்படும்போது இங்குள்ள சேமிப்புக் கணக்கை வங்கியில் சொல்லி, வெளிநாட்டில் வாழ்பவரின் உள்நாட்டு வருமானத்துக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றிவிட்டு, அங்கிருந்து அனுப்பும் பணத்துக்கு என்ஆர்இ என்ற தனிக் கணக்கு தொடங்குங்கள். என்ஆர்இ கணக்கின் வட்டிக்கு இங்கே வரி இல்லை.

முகவர் கட்டணத்தைப் பற்றி: குடிபெயர்வு விதிகளின்படி, பதிவுபெற்ற முகவர் தொழிலாளியிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். ஒன்றரை இலட்சம் என்பது ஐந்து மடங்கு. அவருடைய பதிவு எண்ணை வாங்கி இந்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பாருங்கள்.

பதில் 3: தக்கலை வாசகி

ஆண்கள் இருவரும் பணத்தைப் பேசிவிட்டார்கள். குடும்பத்தைப் பற்றி நான் சொல்கிறேன். என் கணவர் தாருஸ்ஸலாமில் கணக்கராக இருக்கிறார். நான் மகனோடு இரண்டாண்டு அங்கே இருந்துவிட்டுத் திரும்பினேன்.

கடை எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். சார்ந்திருப்பவர் என்ற நிலையில் வருகிற மனைவி அங்கே வேலையோ வணிகமோ செய்ய முடியாது. அது போதாதென்று 2025 ஜூலையில் வெளிநாட்டவர் செய்யக்கூடாத பதினைந்து தொழில்களை அரசு பட்டியலிட்டது. சில்லறைக் கடை, கைப்பேசி பழுதுபார்ப்பு, அழகு நிலையம் போன்றவை அதில் உண்டு. தோட்டத்துக்கே போய் விளைபொருள் வாங்குவதும் தடை, ஆகவே முந்திரிக்கொட்டையை நேரே விவசாயியிடம் வாங்கி அனுப்பலாம் என்று யாராவது ஆசை காட்டினாலும் கேட்காதீர்கள்.

அடுத்தது படிப்பு. அரசுத் தொடக்கப்பள்ளி சுவாஹிலி வழி. உயர்நிலை ஆங்கில வழி. சர்வதேசப் பள்ளிக் கட்டணம் உங்கள் சம்பளத்துக்குத் தாங்காது. எட்டாம் வகுப்புப் பெண்ணை இந்தக் கட்டத்தில் பெயர்த்தெடுத்து, இரண்டாண்டில் ஒப்பந்தம் முடிந்து பத்தாம் வகுப்பின் நடுவில் திரும்பக் கொண்டுவருவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மலேரியாவை எளிதாக எண்ணவேண்டாம். என் மகனுக்கு அங்கே ஒருமுறை வந்தது. அரை மணி நேரத்தில் இரத்தப் பரிசோதனை செய்து மாத்திரை கொடுத்துவிட்டார்கள், ஏனென்றால் அங்கே காய்ச்சல் என்றதும் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். ஊருக்கு வந்து மூன்றாம் வாரம் மீண்டும் காய்ச்சல் வந்தபோது, இங்கே ஒரு மருத்துவமனையில் இரண்டு நாள் சளிக்காய்ச்சல் மருந்தே கொடுத்தார்கள். நான்தான் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தோம் என்று சொல்லிப் பரிசோதிக்க வைத்தேன், மலேரியாதான். விடுமுறைக்கு வரும்போது காய்ச்சல் கண்டால் எங்கிருந்து வந்தீர்கள் என்பதை வாசலிலேயே சொல்லிவிடுங்கள். அடிஸ் அபாபா அல்லது நைரோபி வழியாகப் பயணச்சீட்டு எடுத்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றையும் கையில் வைத்திருங்கள். சென்னை கிண்டியில் உள்ள கிங் நிலையத்தில் போடுகிறார்கள். பயணத்துக்குப் பத்து நாளாவது முன்பு போட வேண்டும், ஒருமுறை போட்டால் வாழ்நாளுக்கும் செல்லும்.

மனிதர்களைப் பற்றி ஒரு குறையும் சொல்லமாட்டேன். பெரியவர்களைக் கண்டால் "ஷிகாமூ" என்று சொல்லுங்கள், "மரஹபா" என்று பதில் வரும். அந்த ஒரு சொல்லுக்கே எங்கள் தெருப் பாட்டி என் மகனுக்கு வறுத்த மரச்சீனி கொடுப்பார். ஆனால் 2025 அக்டோபர் 29 தேர்தல் நாளில் கலவரமும் இணையத் துண்டிப்பும் வந்தபோது, சில நாட்கள் கணவரின் குரலைக் கேட்க முடியாமல் நான் தக்கலையில் பட்ட பாட்டையும் மறைக்கமாட்டேன்.

கருங்கல் முந்திரி (மீண்டும்)

அண்ணன், சார், அக்கா, மூவருக்கும் நன்றி. நேற்று முகவரிடம் பதிவு எண்ணைக் கேட்டேன். தருகிறேன் என்றவர் பிறகு அழைப்பை எடுக்கவில்லை. ஆலையின் மின்னஞ்சல் முகவரியை வேறொருவர் மூலம் வாங்கி, நான் நேரடியாக எழுதினேன். 900 டாலர் பிடித்தத்துக்கு முன்பா பின்பா, அனுமதிக் கட்டணம் யாருடையது, கொட்டை இல்லாத மாதங்களில் சம்பளம் என்ன, ஷில்லிங்கில் தந்தால் எந்த நாள் விகிதம் என்று நான்கே கேள்விகள். இன்று காலை பதில் வந்திருக்கிறது: 900 பிடித்தத்துக்கு முந்தைய தொகை, தங்குமிடமும் அனுமதியும் அவர்கள் செலவு, மற்ற இரண்டுக்கும் மேலாளரிடம் கேட்டுச் சொல்வதாக எழுதியிருக்கிறார்கள். பிடித்தம் போகக் கையில் 850 வேண்டும் என்று திருப்பி எழுதியிருக்கிறேன். ஒத்துக்கொண்டால் நான் மட்டும் ஒரு பருவத்துக்குப் போய்ப் பார்ப்பதாகவும், மனைவியும் பிள்ளைகளும் கருங்கலிலேயே இருப்பதாகவும் வீட்டில் பேசி முடித்திருக்கிறோம். குழித்துறை அண்ணனிடம் இன்னொன்று கேட்க வேண்டும்: அங்கே உடைப்பு கையாலா, இயந்திரத்தாலா?

பதில்: குழித்துறைக்காரன்

நான் இருந்த ஆலையில் வெட்டுவது இயந்திரம், தோலுரிப்பு பெரும்பாலும் கை. கையுறை தருவார்கள், ஆனால் முந்திரி எண்ணெய் பட்டுத் தோல் கருகுவது அங்கேயும் உண்டு. நம் ஊர்ப் பெண்களைப் போலச் சாம்பலைப் பூசிக்கொண்டு உடைக்கும் பழக்கம் அங்கே இல்லை. முதல் நாளே அதைக் காட்டிக் கொடுங்கள், மேஸ்திரி என்று மதிப்பார்கள்.