சினைக் கிடேரியை வாங்குவதா, வீட்டுக் கன்றை வளர்ப்பதா? செலவுக் கணக்கு பற்றி ஒரு கேள்வி

கேள்வி (சேரன்மகாதேவி பக்கம்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தொழுவத்தில் எட்டு ஜெர்சி கலப்பினப் பசுக்கள் உள்ளன. ஆண்டுக்கு இரண்டைக் கழிக்க வேண்டியிருப்பதால், அவற்றின் இடத்துக்கு வீட்டில் பிறக்கும் கிடேரிக் கன்றுகளையே வளர்த்து வருகிறோம். சென்ற மாதம் ஒரு வியாபாரி ஏழு மாதச் சினைக் கிடேரியை 65,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொன்னார். கன்றை இரண்டரை ஆண்டு கட்டிப்போட்டுத் தீனி போடுவதைவிட இதை வாங்குவதே லாபம் என்கிறான் என் தம்பி. என் நோட்டிலோ கிடேரி ஒன்றுக்குச் சுமார் 24,000 ரூபாய்தான் வருகிறது. கடையில் வாங்கிய தவிடு, புண்ணாக்கு, மருந்து ஆகியவற்றை மட்டுமே எழுதியிருக்கிறேன். புல்லும் வைக்கோலும் சொந்த வயலில் கிடைப்பவை என்பதால் சேர்க்கவில்லை. இந்தக் கணக்கு சரிதானா?

பதில் (கல்லிடைக்குறிச்சி)

அண்ணாச்சி, வணக்கம். கையை விட்டுப் போன பணத்தை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். விற்றிருந்தால் கைக்கு வந்திருக்கும் பணமும் செலவுதான்.

முதலில் பாலைப் பாருங்கள். கன்றை ஊட்டவிட்டுக் கறப்பவர்களுக்கு அது குடிக்கும் பால் கண்ணில் படுவதே இல்லை. நான் ஒரு கன்றுக்குக் கறந்து, அளந்து, புட்டியில் கொடுத்துப் பார்த்தேன். எடையில் பத்தில் ஒரு பங்கு என்ற அளவில், 25 கிலோ கன்றுக்கு நாளுக்கு இரண்டரை லிட்டர். 80 நாளில் 200 லிட்டர். லிட்டர் 35 ரூபாய் என்றால் அதுவே 7,000 ரூபாய்.

பால் மறந்ததிலிருந்து ஒரு வயது வரை 280 நாளுக்கு, நாளொன்றுக்கு 45 ரூபாய் வீதம் 12,600 ஆயிற்று. அதன்பின் 15 கிலோ பசும்புல்லுக்கு 30, மூன்று கிலோ வைக்கோலுக்கு 15, ஒரு கிலோ கலவைத் தீவனத்துக்கு 25 என நாளுக்கு 70 ரூபாய். முப்பதாம் மாதம் ஈனும் வரை 540 நாளுக்கு இது 37,800 ரூபாய். பிறந்த கன்றின் விலை 3,000, மருந்து, சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) முதலியவற்றுக்கு 3,000 சேர்த்தால் 63,400. வைக்கோலுக்குப் பிசான (மாசி, பங்குனியில் அறுக்கும் நெல்) அறுவடை நேரத்து விலையையே போட்டிருக்கிறேன். வைக்கோல் படப்பு (போர்) போட இடமில்லாமல் ஆடி, ஆவணியில் வாங்குபவர்கள் கூட்டித்தான் எழுத வேண்டும்.

தினம் கால் மணி நேர வேலை என்று வைத்தாலும் 28 ஆள் கூலி, 14,000 ரூபாய். பணம் சிறுகச் சிறுகப் போவதால், கூலியும் சேர்த்துப் போட்ட பணத்தின் பாதிக்கு மட்டும் 9 சதவீத வட்டி இரண்டரை ஆண்டுக்குச் சுமார் 8,700. சாணத்துக்கு 6,000 கழிக்கலாம். என்னிடம் ஐந்து கன்றில் ஒன்று நான்காம் மாதம் இறந்தது; அதுவரை ஆன 11,800 ரூபாயை மிஞ்சிய நான்கின் மேல் ஏற்றினால் தலைக்கு 2,950. ஆக மொத்தம் ஏறக்குறைய 83,000.

வியாபாரியின் கிடேரிக்கு, ஈனும் வரை இரண்டு மாதத் தீனியும் வண்டி வாடகையும் சேர்த்தால் 71,000 ஆகும். கணக்குப்படி உங்கள் தம்பி சொல்வதே சரி. ஆனால் என் 83,000-இல் கூலியும் வட்டியும் மட்டும் 22,700. வீட்டார் உழைப்புக்கு வேறு வருமானம் இல்லாத இடத்தில் வளர்ப்பதே மேல் என்பது என் முடிவு. தாயின் கறவையை நாமே கறந்து அறிந்திருக்கிறோம். 4 முதல் 8 மாத வயதுக்குள் போட வேண்டிய கருச்சிதைவு நோய்த் தடுப்பூசி போடப்பட்டதா என்பதும் நமக்குத் தெரியும். வாங்குவதானால், அந்த நோய்க்கு இரத்தப் பரிசோதனை செய்யாமல் தொழுவத்துக்குள் விடாதீர்கள்.

பதில் (இராதாபுரம் பக்கம்)

மேலே சொன்னவர் எல்லாவற்றையும் சேர்த்துவிட்டார். ஆனால் இந்தத் தொகையைக் கூட்டுவதும் குறைப்பதும் ஈனும் வயதுதான். எங்கள் தேரிக்காட்டில் (செம்மணல் காட்டில்) புல்லையும் விலைக்கே வாங்குகிறோம் என்பதால் இதைப் பட்டு உணர்ந்தேன். ஆண்டுக்கு இரண்டு கிடேரி தேவையென்றால், 30 மாதத்தில் ஈனும் தொழுவத்தில் எப்போதும் ஐந்து உருப்படி நிற்கும். 36 மாதம் ஆனால் ஆறு நிற்கும். அந்த ஆறாவது உருப்படி ஒரு சொட்டுப் பால் தராமல் ஆண்டு முழுவதும் தின்கிறது.

நாளுக்கு 400 கிராம் எடை கூடினால் பதினாறாம் மாதத்தில் 220 கிலோவைத் தொட்டுவிடும். அப்போது சினை ஊசி போடலாம். தராசு வேண்டியதில்லை. முன்னங்காலை ஒட்டி மார்புச் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, தோள்முனையிலிருந்து பிட்ட எலும்பு வரையுள்ள நீளத்தாலும் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோ கணக்கு கிடைக்கும். எடை வந்த பிறகு ஒரு சினைப் பருவத்தைத் தவறவிட்டால், அடுத்த பருவம் வரும் வரை 21 நாள் தீனி, அதாவது 1,470 ரூபாய், வீண். கோடையில் பல கிடேரிகள் பருவத்துக்கு வந்தாலும் கத்துவதில்லை. விடியற்காலையில் வால் பக்கம் கண்ணாடிபோல் வழும்பு (கோழை போன்ற திரவம்) தொங்குகிறதா என்று பார்க்க வேண்டும். காலையில் கண்டால் மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் ஊசி போட வேண்டும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. சற்றுமுன் டேப்பை எடுத்துக்கொண்டு தொழுவத்துக்குப் போனேன். மூத்த கிடேரிக்கு 22 மாதம். இன்னும் சினையில்லை, சின்ன உருப்படிதானே என்று விட்டிருந்தேன். சுற்றளவு 57, நீளம் 48 அங்குலம். 236 கிலோ வருகிறது. பதினாறாம் மாதத்திலிருந்து ஆறு மாதத் தீனி 12,600 ரூபாயை என் நோட்டில் எங்கும் எழுதவில்லை. நாளை காலை டாக்டரை வரச் சொல்லியிருக்கிறேன்.