பி.ஜி.எம். அவுட்புட்டில கேற் லொக்: ரிலே இழுத்த உடன கீபேட் செத்துச் செத்து வருது, உதவி தேவை

கேள்வி (காரைதீவு)

அண்ணாமார், நானாமார், கடைக் களஞ்சியத்துக்கு 8 சோன் (சென்சர் தொடுக்கிற முனை) அலாரம் பேனல் ஒண்டு போட்டிருக்கு, 7 ஏ.எச். பற்றரியோட. போர்ட்டில ஓக்ஸ் (சென்சர், கீபேட்டுக்குப் பவர் குடுக்கிற முனை) 500 மில்லிஅம்பியர், பி.ஜி.எம்.1, பி.ஜி.எம்.2 (புரோகிராம் பண்ணக்கூடிய அவுட்புட்) ரெண்டும் 50 மில்லிஅம்பியர் எண்டு அச்சடிச்சிருக்கு. ஓக்ஸில 4 மோஷன் சென்சரும் ஒரு கீபேட்டும் ஓடுது.

பி.ஜி.எம்.1இல 12 வோல்ட் ஸ்ட்ரோப் லைட்ட (200 மில்லிஅம்பியர்) நேரா குடுத்திருக்கு. முதல் சரியா வேலை செய்தது. இப்ப அலாரம் இல்லாத நேரத்திலயும் மங்கலா எரிஞ்சுகொண்டே இருக்கு.

பி.ஜி.எம்.2இல நீல நிற ரிலே (கொயிலால இழுபடுற சுவிட்ச்) ஒண்டு. அதன்ர கொண்டாக்ட் வழியா ஓக்ஸ் பிளஸ், கேற்றில இருக்கிற மக்னட் லொக்குக்குப் போகுது (12 வோல்ட், 480 மில்லிஅம்பியர்). கேற் 35 மீற்றர் தூரம், கட்-5 (கம்பியூட்டர் நெட்வேர்க்) வயர்ல ஒரு சோடி. பி.ஜி.எம். ஓன் ஆன உடன ரிலே இழுக்குது, கீபேட் அணைஞ்சு திரும்ப வருது, திரும்ப இழுக்குது, இப்பிடியே டிக் டிக் எண்டு போகுது. ரிலே கை வைக்க ஏலாத சூடு. இடைக்கிட லொக் பிடிச்சாலும் ஆள் ஒருக்கா இழுத்தா விட்டுருது. பேனல் பழுதா?

பதில் (காத்தான்குடி)

தம்பி, பேனல மாத்த முந்தி ரிலேட முதுகில என்ன எழுதியிருக்கு எண்டு பாருங்க. 12 எண்டு இருக்கா, 05 எண்டு இருக்கா? கொயிலுக்குக் குறுக்கால டயோட் இருக்கா?

கேள்வி கேட்டவர்

05வி.டி.சி. எண்டு இருக்கு நானா. டயோட் இல்ல.

பதில் (காத்தான்குடி)

அப்ப சூட்டுக்குக் காரணம் அதுதான். அந்த 5 வோல்ட் ரிலேட கொயில் 70 ஓம். 12 வோல்ட் குடுத்தா 170 மில்லிஅம்பியர் இழுக்கும், 2 வொட் சூடாகும். அவ்வளவும் 50 மில்லிஅம்பியர் பி.ஜி.எம். வழியாத்தான் போகுது. இதே ரிலே 12 வோல்ட்டில வருது, கொயில் 400 ஓம், வெறும் 30 மில்லிஅம்பியர். பார்வைக்கு ரெண்டும் ஒண்டுதான், கடையில வாங்கக்குள்ள எழுத்த வாசிச்சு வாங்குங்க.

கீபேட் சாகிறதுக்குக் கணக்குப் பாருங்க. சென்சர் ஒண்டுக்கு 15 எண்டு வைச்சா 4க்கும் 60, கீபேட் 100, லொக் 480, ரிலே 170. மொத்தம் 810. ஓக்ஸ் தாறது 500. எல்லைக்கு மேல போனதும் பேனல் ஓக்ஸ வெட்டிருது, கீபேட்டும் அதில இருக்கிறதால அதுவும் போகுது, ரிலே விடுது, சுமை குறைய ஓக்ஸ் திரும்ப வருது. நீங்க சொல்ற டிக் டிக் அந்தச் சுற்றுத்தான்.

பி.ஜி.எம். எண்டது சைகை குடுக்கிற அவுட்புட். பவர் குடுக்கிறதுக்கு இல்ல. உள்ளுக்கு ஒரு சின்ன டிரான்சிஸ்டர், ஓன் ஆனா அந்த முனைய மைனஸுக்கு இழுக்கும், அவ்வளவுதான். அதனாலதான் சுமைய ஓக்ஸ் பிளஸுக்கும் பி.ஜி.எம்.க்கும் இடையில போடணும். பி.ஜி.எம்.க்கும் மைனஸுக்கும் இடையில போட்டா ஒண்டும் நடக்காது.

ஸ்ட்ரோப் மங்கலா எரியுறது அந்த டிரான்சிஸ்டர் கசியுற அடையாளம். உறுதிப்படுத்த, பி.ஜி.எம்.1 வயரக் கழட்டிட்டு ஓக்ஸ் பிளஸுக்கும் பி.ஜி.எம்.1க்கும் இடையில 1 கிலோஓம் ரெசிஸ்டர் (கால் வொட் போதும்) வைச்சு, அதுக்குக் குறுக்கால மீற்றரப் பிடிங்க. பி.ஜி.எம். ஓஃபில 0 வோல்ட் வரணும், ஓனில ஓக்ஸ்ட முழு வோல்டேஜும் வரணும். ரெசிஸ்டர் இல்லாம வெறும் மீற்றர வைச்சுப் பாத்தா நல்ல அவுட்புட்டும் சில நேரம் பொய் அளவு காட்டும். பி.ஜி.எம்.2ஐயும் அப்பிடியே பாருங்க.

கேள்வி கேட்டவர்

பாத்தன் நானா. பி.ஜி.எம்.1 ஓஃபில 4.3 வோல்ட் காட்டுது. பி.ஜி.எம்.2 ஓஃபில 0, ஓனில 12.9. இனி எப்பிடி வயர் பண்றது?

பதில் (கல்லடி)

பி.ஜி.எம்.1 போயிட்டு, அதுல ஒண்டும் போடாதீங்க. பி.ஜி.எம்.2 தப்பியிருக்கு. தேவையானது: 12 வோல்ட் ரிலே 1, 1என்4007 டயோட் 1, லொக்குக்குத் தனியா பற்றரி வைக்கக்கூடிய 12 வோல்ட் 2 அம்பியர் பவர் சப்ளை, 1 அம்பியர் பியூஸ் ஹோல்டரோட, 18 வோல்ட் டி.வி.எஸ். (கூடின வோல்டேஜ அடக்குற டயோட்) ஒண்டு (1.5கே.ஈ.18சி.ஏ.).

கொயில்ட ஒரு கால் ஓக்ஸ் பிளஸுக்கு, மற்றது பி.ஜி.எம்.2க்கு. டயோட் கொயிலுக்குக் குறுக்கால, வெள்ளிக் கோடு போட்ட பக்கம் ஓக்ஸ் பிளஸ் பக்கமா வரணும். திருப்பிப் போட்டா பி.ஜி.எம். ஓன் ஆகக்குள்ள ஓக்ஸ நேரா சோர்ட் பண்ணும், மிச்சமிருக்கிற பி.ஜி.எம்.மும் போகும். டயோட் இல்லாட்டி ரிலே விடுற ஒவ்வொரு முறையும் கொயில் எறியுற வோல்டேஜ் டிரான்சிஸ்டர அடிக்கும்.

கொண்டாக்ட் பக்கம்: புது சப்ளை பிளஸ் முதல்ல பியூஸ், மறுகா ரிலே கொமன், என்.ஓ.வில (ரிலே இழுத்தா மட்டும் சேருற முனை) இருந்து லொக் பிளஸ். லொக் மைனஸ் நேரா சப்ளை மைனஸுக்கு. டி.வி.எஸ்.ஸ லொக்குக்குக் குறுக்கால போடுங்க. அங்க சாதாரண டயோட்டும் போடலாம், ஆனா லொக் விடுறதுக்குச் சுணங்கும்.

பதில் (அக்கரைப்பற்று)

தனி சப்ளை போட்டா ரெண்டு மைனஸையும் சேர்க்கணும், இல்லாட்டி பி.ஜி.எம். வேலை செய்யாது.

பதில் (கல்லடி)

அது லொக்கையோ லைட்டையோ ரிலே இல்லாம பி.ஜி.எம்.மாலயோ மொஸ்ஃபெட்டாலயோ (பெரிய கரண்ட் தாங்குற டிரான்சிஸ்டர்) நேரா ஓட்டுறதுக்கு. இங்க கொயிலுக்குப் பவர் ஓக்ஸில இருந்தே வருது, கொண்டாக்ட் தனி உலகம். மைனஸச் சேர்க்காம விடுறதுதான் நல்லம். ஐப்பசி இடி மழைக்க 35 மீற்றர் வெளி வயர் பிடிக்கிற சேர்ஜ் (திடீரெண்டு ஏறுற வோல்டேஜ்) பேனலுக்குள்ள வர ஒரு வழி குறையும்.

வயரையும் மாத்தணும். 35 மீற்றர் போய் வர 70. கட்-5 ஒரு சோடியில அது கிட்டத்தட்ட 6 ஓம். லொக்குக்குப் போய்ச் சேருறது 9.7 வோல்ட்தான், இழுத்தா விடுறதுக்கு அதுதான் காரணம். செப்புப் பூசின அலுமினிய வயர் எண்டா இன்னும் மோசம். கத்தியால சுரண்டிப் பாருங்க, உள்ளுக்கு வெள்ளையா இருந்தா அலுமினியம். 1.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் இழுத்தா மொத்தம் 0.85 ஓம், இழப்பு 0.4 வோல்ட். புதுசா இழுக்க ஏலாட்டி கட்-5இன் நாலு நிற வயரையும் சேர்த்து பிளஸ், வெள்ளைக் கோட்டு வயர் நாலையும் சேர்த்து மைனஸ் ஆக்குங்க, 1.5 ஓமுக்கு வந்திரும். 230 வோல்ட் வயர் போற குழாயில இத விடாதீங்க.

காரைதீவு கடற்கரைப் பக்கம் எண்டதால ஒரு விசயம். உப்புக் காத்துக்குத் திருகு முனைகள் பச்சை பிடிச்சு இறுகும், அந்த இடமே ஒரு தடையாகும். கேற்றில வயர் முறுக்கி டேப் சுத்த வேணாம், ஈயம் பத்த வைச்சு சுருங்குற குழாய் போடுங்க. பெட்டிக்கு வயர் கீழ்ப்பக்கத்தால நுழையணும், நுழைய முந்தி ஒரு வளைவு தொங்கணும்.

கேள்வி கேட்டவர்

ஸ்ட்ரோப்ப என்ன செய்ய?

பதில் (காத்தான்குடி)

சைரன் போற பெல் அவுட்புட்டில சைரனோட பேரலலா போடுங்க. சைரனும் ஸ்ட்ரோப்பும் சேர்ந்து பெல் அளவுக்குள்ள நிக்கணும், அது போர்ட்டில எழுதியிருக்கும். சைரன் கோளாறு எண்டு கீபேட் கத்தினா பெல் முனைகளுக்குக் குறுக்கால 1 கிலோஓம் வையுங்க. சைரன் நேரம் முடிய ஸ்ட்ரோப்பும் நிண்டுரும், அது உங்களுக்குச் சரியா எண்டு பாருங்க.

பதில் (அக்கரைப்பற்று)

இதே லொக்க போனால திறக்க சோனொஃப் பேசிக் (வைஃபை சுவிட்ச்) போடலாமா?

பதில் (கல்லடி)

வேணாம். அதன்ர அவுட்புட்டில வாறது 230 வோல்ட். லொக்குக்கோ சோன் முனைக்கோ போனா பேனலோட சேர்ந்து ஆளுக்கும் ஆபத்து. கொண்டாக்ட் தனியா இருக்கிறத எடுங்க. ஷெல்லி 1 அப்பிடி, 12 வோல்ட் டி.சி.யிலயும் ஓடும், அதால அத லொக் சப்ளையிலயே ஓட்டலாம். ஆனா அத 230இல ஓட்டினா சுவிட்ச் முனையிலயும் மெயின்ஸ் நிக்கும், அதுல சின்ன வோல்டேஜ் வயர் ஒண்டும் தொடுக்காதீங்க.

கேள்வி கேட்டவர்

இரவு கரண்ட் போனா லொக் எவ்வளவு நேரம் நிக்கும்?

பதில் (கல்லடி)

புது சப்ளைக்கு நல்ல 7 ஏ.எச். பற்றரி எண்டா கணக்கில 14 மணித்தியாலம், நடைமுறையில 10 எண்டு வையுங்க. பேனல் பற்றரியில இருந்து லொக்குக்கு எடுக்க வேணாம், அலாரமும் சேர்ந்து செத்துரும்.

இன்னொண்டு, இதச் செய்யாம லொக்கப் பூட்ட வேணாம். உள்ளுக்கு நிக்கிற ஆள் வெளிய வர ஒரு பொத்தான் வேணும். அதன்ர என்.சி. கொண்டாக்ட் (அழுத்தாத நேரம் சேர்ந்திருக்கிறது) லொக் பிளஸ் வயரையே வெட்டணும், பேனலுக்கூடாகவோ ரிலேக்கூடாகவோ போகக்கூடாது. ரிலே கொண்டாக்ட் ஒட்டிப்போனாலும், பேனல் உறைஞ்சு நிண்டாலும், களஞ்சியத்தில தீப்பிடிச்சாலும் அழுத்தினா கதவு விடணும். கண்ணாடி உடைக்கிற அவசரப் பெட்டி ஒண்டையும் அதே வயரில தொடரா போடுங்க. போட்டுட்டு பேனல ஓன்ல வைச்சபடியே ரெண்டையும் அழுத்திப் பாருங்க.