திரையில் குரல்நாண் தெரிகிறது, டியூப் உள்ளே போகவில்லை

அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே ஒரு சிறிய மருத்துவமனையின் அவசரப் பிரிவில் பணிபுரிகிறேன். மயக்கவியல் நிபுணர் பாளையங்கோட்டையிலிருந்துதான் வர வேண்டும். வளைவு அதிகமான பிளேடு கொண்ட வீடியோ லாரிங்கோஸ்கோப் (குரல்வளையைத் திரையில் காட்டும் கேமரா கருவி) எங்களுக்குக் கிடைத்து 4 மாதம் ஆகிறது. குரல்நாண்கள் முழுதாகத் தெரிந்தும், மூச்சுக்குழலுக்குள் செலுத்தும் சுவாச டியூப் இறங்க மறுப்பது இது 3ஆம் முறை.

கடந்த வாரம் வந்தவர் 60 வயதைக் கடந்த விவசாயி, பல ஆண்டுகளாக வெற்றிலையும் புகையிலையும் மென்றவர். கன்னத்தின் உட்புறம் வெளுத்துப் பட்டை பட்டையாக இறுகியிருந்ததால், வாய் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை.

டியூபுக்குள் வைக்கும் கம்பியான ஸ்டைலட்டை பிளேடின் வளைவுக்கு ஏற்ப வளைத்து முதலில் 7.5 டியூபைச் செலுத்தினேன். நுனி நாண்களைத் தாண்டியதும் மூச்சுக்குழலின் முன்சுவரில் முட்டி நின்றுவிட்டது. 7ஆம் அளவுக்கு மாற்றியும் அதே கதைதான். டியூபுக்கு வழிகாட்டும் மெல்லிய தண்டான நேரான பூஜியோ அந்த வளைவில் திரும்பவே இல்லை. பிளேடைச் சற்றுப் பின்னிழுத்து, காட்சியைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று படித்திருக்கிறேன். ஆனால் படபடப்பில், கையில் கிடைத்த நல்ல காட்சியை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை என்பதே உண்மை. ஆக்சிஜன் அளவு 88க்கு இறங்கியதும் முயற்சியை நிறுத்தி, எல்எம்ஏ (குரல்வளைக்கு மேலே அமரும் சுவாச மாஸ்க்) வைத்து 96க்கு ஏற்றி, 108 ஆம்புலன்ஸில் பாளையங்கோட்டைக்கு அனுப்பினோம்.

நுனி முன்சுவரில் முட்டும் அந்த நொடியில், ஸ்டைலட்டை எவ்வளவு பின்னிழுத்து, டியூபை எந்தப் பக்கம் சுழற்றி உள்ளே இறக்குகிறீர்கள்?