பகடை விதிகளைச் சோதிக்கும்போது சண்டை இழுத்துக்கொண்டே போகிறது, என்ன செய்யலாம்?

கேள்வி (ஓசூர்க்காரன்):
அதியமான் காலத்துத் தகடூரில் நடக்கும் கதாபாத்திர விளையாட்டு (ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டி ஆடுவது) ஒன்றுக்கு விதி எழுதுகிறோம். ஞாயிறுதோறும் கிருஷ்ணகிரியில் ஐந்து தன்னார்வலர்கள் சோதிக்கிறார்கள். இரண்டு ஆறுமுகப் பகடையின் கூட்டலோடு பாத்திரத்தின் திறன் எண்ணும் சேர்ந்து 8 அல்லது அதற்கு மேல் வந்தால் அடி விழும். ஓர் அடியின் சேதம் ஒரு பகடையில் விழும் எண், ஒவ்வொருவருக்கும் உயிர்ப் புள்ளி 20. சண்டை முடிவதே இல்லை. எல்லாரும் "நல்லாத்தான் இருக்கு" என்கிறார்கள். எதை மாற்றுவது?

மலையனூரான்:
கணக்கு போட்டாலே தெரியும். திறன் 0 என்றால் 36-இல் 15 வாய்ப்பு, அதாவது 42 சதவீதம்தான். ஓர் அடிக்குச் சராசரி 3.5. ஆக, எதிரியை வீழ்த்தச் சுமார் 15 சுற்று ஆகும். உயிரை 10 ஆக்குங்கள், 8 சுற்றுக்கு வந்துவிடும். அடி விழத் தேவையான இலக்கு எண் 8-ஐத் தொடாதீர்கள்: திறன் 3 உள்ளவருக்கு இப்போதே 83 சதவீதம். இலக்கை 7 ஆக்கினால் 92 சதவீதம், அவருக்குத் தோல்வி பயமே இருக்காது. ஒரு அமர்வுக்கு ஒரே மாற்றம். இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

பாலக்கோடு செல்வி:
"நல்லாத்தான் இருக்கு" உங்கள் முகத்துக்காகச் சொல்வது தம்பி. அச்சிட்ட விதியை மட்டும் கொடுத்துவிட்டு வாய் திறக்காமல் உட்காருங்கள். எந்தப் பக்கத்தைத் திரும்பப் புரட்டுகிறார்கள், எங்கே தவறாகப் படிக்கிறார்கள் என்று நேரத்தோடு குறியுங்கள். விளக்கம் சொன்ன நொடியே சோதனை கெட்டுவிடும், புத்தகத்தோடு நீங்களும் கூடவே போக முடியாதே. பிடித்ததா என்று கேட்காதீர்கள், "அடி விழுந்ததும் என்ன செய்யணும்?" என்று கேளுங்கள். அதே ஐவருக்கு விதி மனப்பாடம் ஆகியிருக்கும், புதியவர்களையும் கூப்பிடுங்கள்.

ஓசூர்க்காரன்:
நன்றி அக்கா. இந்த வாரம் உயிர் 10 மட்டும். தாளின் தலையில் பதிப்பு எண்ணும் போடுகிறேன்.