மறு: சர்ஃபேஸ் புரொஃபைல் – ‘பொளி’ சரிவருமா?

குழுவினருக்கு வணக்கம்.

பெயிண்ட் வேலையில் வரும் ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் இழையில், சர்ஃபேஸ் புரொஃபைலுக்கு, அதாவது பெயிண்ட் பிடிக்க இரும்பின் மேல் உண்டாக்கும் மேடுபள்ளத்துக்கு, ‘மேற்பரப்பு வடிவமைப்பு’ என்று திருச்சி அண்ணன் எழுதியிருக்கிறார். சொல்லுக்குச் சொல் பார்த்தால் தப்பில்லை. ஆனால் எங்கள் காரைக்குடிப் பட்டறையில் பிளாஸ்டிங் நாஸில் (இரும்பின் மேல் துகளைப் பீய்ச்சும் குழாய்முனை) பிடிக்கிறவரிடம் ‘வடிவமைப்பு சரியா இருக்கா?’ என்று கேட்டால் தொட்டியின் டிராயிங்கை எடுத்து வந்து நீட்டுவார்.

முதலில் பொருளைப் பார்ப்போம். கார்னெட் மணலோ கிரிட் என்கிற கூரான துகளோ காற்றழுத்தத்தில் அடித்தால் இரும்பின் மேல் பொடிப்பொடியாக முகடும் பள்ளமும் விழும். பிரைமர் என்கிற முதல் பூச்சு அந்தப் பள்ளங்களில் இறங்கிக் கவ்விக்கொள்ளும். எப்பாக்சி பெயிண்ட் வேலைகளில் பெரும்பாலும் 40 முதல் 75 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஆழம் கேட்பார்கள். இது சுத்தத்தின் அளவு அல்ல. எஸ்ஏ 2½ என்பது துருவும் மில் ஸ்கேலும் (ஆலையில் சூட்டோடு உருட்டும்போது இரும்பின் மேல் படியும் படலம்) எவ்வளவு போயிருக்கிறது என்பதற்கான தரம், ஐஎஸ்ஓ 8501 என்ற சர்வதேசத் தரநிலை சொல்வது. பள்ளத்துக்கு ஐஎஸ்ஓ 8503 தனியாக இருக்கிறது.

இரண்டையும் ஒன்றென்று நினைத்து நானே பட்டிருக்கிறேன். ஒரு ஆலையின் தண்ணீர்த் தொட்டியை வயர் பிரஷ் மெஷினால் வெள்ளி மாதிரித் தேய்த்து இரண்டு கோட் அடித்தோம். அடுத்த மழைக்காலத்துக்குள் அப்பளம் அப்பளமாக உரிந்தது. ஒரு துண்டைத் திருப்பிப் பார்த்தேன். உள்பக்கம் வழவழவென்று மினுங்கியது, பிரஷ் சுழன்ற வட்டக்கோடுகூட அச்சாக விழுந்திருந்தது. இரும்பு சுத்தம்தான், பெயிண்டுக்குப் பிடிமானம்தான் இல்லை.

‘சொரசொரப்பு’ போதாதா என்று இன்னொருவர் கேட்டார். போதாது. துருவும் சொரசொரப்புதான். ஈரப் பெயிண்டில் தூசி ஒட்டினாலும் சொரசொரப்புதான். வேண்டுமென்றே அடித்து உண்டாக்கியது என்ற பொருள் அதில் இல்லை.

அந்தப் பொருள் அம்மியில் இருக்கிறது. அம்மி தேய்ந்துபோனால் மிளகாய் அரைபடாமல் குழவியோடு வழுக்கிக்கொண்டு ஓடும். அம்மி பொளிகிறவர் வந்து உளியால் புள்ளி புள்ளியாகக் கொத்துவார். எங்கள் ஆச்சி உடனே மசாலா வைக்கமாட்டார். தவிட்டைப் போட்டு அரைத்துக் கல்தூளோடு வழித்துக் கொட்டிவிட்டுத்தான் மறுவேலை. பிளாஸ்டிங் முடித்ததும் காற்றடித்துத் தூசி நீக்குவதும் இதே கணக்குதான், என்ன, ஆச்சிக்கு இன்ஸ்பெக்டர் தேவைப்படவில்லை.

ஆகவே என் முன்மொழிவு: பொளி. ஆழத்தைச் சொல்லப் பொளி ஆழம். அழுத்தி அச்சு எடுத்து அளக்கும் டேப்புக்குப் பொளிநாடா. ‘பொளி முகடு’ என்பதும் தேவைப்படும், ஏனென்றால் பொளி கூடக் கூட நல்லது என்பதில்லை. முகடு பெயிண்டைத் தாண்டித் தலைநீட்டினால் துரு அங்கேதான் முதலில் பூக்கும்.

‘பொளிவு’ என்று முதலில் யோசித்தேன். பொலிவோடு குழம்பும் என்று மனைவியே சொல்லிவிட்டார். பொளிக்கும் ஒரு சங்கடம் உண்டு. எங்கள் பக்கம் வாழைப்பழமே வாளப்பளம்தான், மழை பொழிவதும் காதுக்குப் பொளிவதாகத்தான் விழும். பக்கத்தில் ‘50 மைக்ரான்’ என்று வந்தால் யாரும் மழையை நினைக்கப்போவதில்லை, சரிதானே?

ஊரில் 1953 முதல் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது, கடற்காற்றில் உலோகம் அரிப்பதை ஆராய மண்டபத்தில் அதற்கு நிலையமும் உண்டு. இருந்தும் எங்கள் பட்டறைப் பலகையில் நேற்றுவரை ஆங்கிலச் சொல்லால் ‘புரொஃபைல் 60’ என்றுதான் எழுதினோம். இன்று காலை ‘பொளி 60’ என்று எழுதினேன். ‘அம்மிக்கா அண்ணே?’ என்று கேட்டுவிட்டு ஹோஸை இழுத்துக்கொண்டு போய்விட்டார் பையன்.

பொளியில் ஆட்சேபம் இருந்தால் எழுதுங்கள். மில் ஸ்கேலுக்குச் ‘செதிள்’ போதுமா, ‘உலைச்செதிள்’ என்று சொல்லவேண்டுமா என்பதையும் இதே இழையில் பேசிவிடலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது.