மறுமொழி: அவர்ட்டட் விஷன் – "அயல்நோக்கு" என்று வைப்போமா?

வணக்கம் நண்பர்களே,

இரவு வானின் மங்கிய பொருளை நேரே பார்க்காமல், பார்வையைச் சற்று விலக்கிப் பார்த்துக் காணும் முறையைத்தான் ஆங்கிலத்தில் அவர்ட்டட் விஷன் என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற கேள்விக்குப் பக்கப் பார்வை, சாய்பார்வை, ஓரக்கண் பார்வை, சிறக்கணிப்பு என்று நான்கு சொற்கள் வந்துவிட்டன. நான் ஐந்தாவதாக ஒன்றை வைக்கிறேன்: அயல்நோக்கு. வைகாசி வான் அவதானிப்புக்கு முன் எங்கள் வானியல் கழகக் கைநூல் அச்சுக்குப் போகவேண்டும். அதனால் காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நாம் பெயர் வைக்கப்போகும் செயல் எது என்பதில் முதலில் தெளிவு வேண்டும். விழித்திரையின் நடுக்குழியில் கூம்புக் கலங்கள்தான் நெருக்கமாக இருக்கின்றன. நிறமும் நுணுக்கமும் அவற்றின் வேலை, இருட்டில் அவை உதவா. மங்கல் ஒளியைப் பிடிப்பவை கோல் கலங்கள். ஒரு கண்ணில் கூம்புகள் 50, 60 இலட்சம் என்றால் கோல்கள் 10 கோடி அளவில் இருக்கும், ஆனால் நடுக்குழியின் மையத்தில் ஒன்றுகூட இல்லை. ஆகவே மங்கிய கலக்சி (தொலைவிலுள்ள விண்மீன் பெருந்திரள்) ஒன்றை நேரே உற்றுப் பார்த்தால் அது மறைந்துபோகும். பார்வையை 8 முதல் 16 பாகை வரை தள்ளி வைத்து, கவனத்தை மட்டும் பழைய இடத்திலேயே விட்டால் திரும்பவும் தெரியும். தள்ளும் பக்கத்துக்கும் கணக்கு உண்டு. வலக்கண்ணால் பார்ப்பவர் வலப்பக்கம் தள்ளவேண்டும், அப்போதுதான் பொருள் பார்வைப் புலத்தில் மூக்குப் பக்கம் விழும். காதுப் பக்கம் விழுந்தால், ஏறக்குறைய 15 பாகையில், பார்வை நரம்பு கண்ணைவிட்டு வெளியேறும் இடம் அதை அப்படியே விழுங்கிவிடும்.

சரி, இனிச் சொற்களுக்கு வருவோம்.

பக்கப் பார்வையைக் கண் வைத்தியத்தில் ஏற்கெனவே வேறு பொருளில் சொல்கிறார்கள். அது எல்லோருக்கும் இயல்பாக உள்ள புலன். நாம் சொல்வதோ தெரிந்து செய்யும் ஒரு செயல். சாய்பார்வை என்றால் தலையைச் சாய்ப்பார்கள், அது நிச்சயம். ஓரக்கண் பார்வை வாயில் இலகுவாக வருகிறது, ஆனால் பொருள் தலைகீழ். ஓரக்கண்ணால் பார்ப்பவர் முகத்தைத்தான் வேறு பக்கம் வைத்திருக்கிறார், கருவிழி பொருளின்மேலேயே இருக்கிறது. நமக்குக் கருவிழிதான் விலகவேண்டும்.

சிறக்கணிப்பு நான்கிலும் அழகானது. குறள் 1095-இல், நேரே குறித்து நோக்காமல் ஒரு கண்ணைச் சிறக்கணித்தவள்போலச் சிரிக்கிறாள் அந்தப் பெண். வவுனியா ஆசிரியர் ஐயா அதைத் தேடி எடுத்துத் தந்ததற்கு நன்றி. ஆனால் சிறக்கணித்தல் என்பது கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது. இருட்டில் இளம் வயதினரின் கண்மணி 7 மில்லிமீற்றர் அளவுக்கு விரிகிறது. அந்த ஒளி முழுவதும் உள்ளே போனால்தான் கலக்சி தெரியும். சுருக்கச் சொல்லும் ஒரு சொல்லை, எவ்வளவு அழகாக இருந்தாலும், இந்தச் செயலுக்கு வைக்க எனக்கு மனம் வரவில்லை.

என் அளவுகோல் ஒன்றுதான்: இருட்டில், தொலைகாட்டியடியில் நிற்கும் பிள்ளைக்குச் சொன்னால் அந்தச் சொல்லே வேலை செய்யவேண்டும். போன கோடையில் இரணைமடுக் குளக்கட்டில் ஆறு அங்குல டொப்சோனியன் தொலைகாட்டியில் மெசியே 83 என்ற கலக்சியைப் பிடித்து வைத்திருந்தோம். வைகாசி இரவில் தெற்கே 50 பாகை உயரத்தில் நிற்கும், நல்ல இடம். ஒரு பிள்ளை கண்ணை வைத்துவிட்டு "ஒண்டும் தெரியேல்லை" என்றாள். "பக்கப் பார்வையாப் பார்" என்றேன். உடனே தலையை எடுத்து, பார்வைவில்லைக்குப் பக்கத்தில் கண்ணைக் கொண்டுபோனாள்! பிறகு "நடுவிலை பாக்காதை பிள்ளை, அந்த வெள்ளிக்கு அயலைப் பார்" (வெள்ளி எங்களுக்கு விண்மீன்) என்றதும் அசையாமல் நின்றாள். கொஞ்ச நேரத்தில், "புகை மாதிரி ஒண்டு இருக்கு... பாத்தா ஓடுது" என்றாள். அவள் சொன்னதைவிடத் துல்லியமாக இதை யாரும் விளக்கமுடியாது.

அயல் நமக்கு அன்றாடச் சொல். அயலட்டை, அயலவர் என்று வன்னியில் எந்த வீட்டிலும் கேட்கலாம். தமிழக நண்பர் ஒருவர் அயல்நாட்டை நினைவூட்டும் என்கிறார். அங்கும் அடிப்பொருள் பக்கம், அருகு என்பதுதானே? தவிர, நாம் தொலைகாட்டி என்கிறோம், அவர்கள் தொலைநோக்கி என்கிறார்கள், இரண்டு சொல்லும் நன்றாகத்தான் வாழ்கின்றன.

பார்வை என்று முடிக்காமல் நோக்கு என்று முடிப்பதற்கும் காரணம் உண்டு. தூரப்பார்வை, குறும்பார்வை என்ற வரிசையில் இதுவும் ஒரு கண் குறைபாடாகக் கேட்கும். நோக்கு என்றால் வேண்டுமென்றே பார்ப்பது. புணர்ச்சி விதிப்படி அயனோக்கு என்று வரும், ஆனால் அப்படி எழுதினால் அயல் காணாமல் போய்விடும். பிரித்தே எழுதுவோம்.

இன்னொரு வசதி, இதற்கு இணையாக நேர்நோக்கு கிடைக்கிறது. அவதானிப்புக் குறிப்பேட்டில் இப்படி எழுதலாம்: "என்.ஜி.சி. 6826, அன்னத்தில். நேர்நோக்கில் நடு வெள்ளி மட்டும். அயல்நோக்கில் சுற்றிவர வட்டப் புகை." அன்னம் விண்மீன் குழுவிலுள்ள இந்த நெபுலாவை (ஒளிரும் வாயுப் புகையை) ஆவணியில் காட்டினால் விளக்கமே தேவையில்லை. கண்ணை நடுவுக்கும் அயலுக்கும் மாற்ற மாற்ற நெபுலா அணைந்து அணைந்து எரியும்.

அப்புறம் ஒரு விஷயம். அயல்நோக்கைப் பற்றிய பத்திக்கு முன்னால் கண் இருளுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் வேண்டும் என்பதைக் கட்டாயம் போடவேண்டும். குளக்கட்டில் பாம்பும் யானையும் உள்ளபடியால் வெளிச்சமே கூடாது என்று சொல்ல முடியாது. ரோச் லைற்றுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டச் சொல்வோம், சிவப்பைக் கோல்கள் மிகக் குறைவாகவே உணரும்.

மறுப்பு இருப்பவர்கள் ஞாயிறுக்கு முன் எழுதுங்கள். சொல் எது என்றாலும், குளக்கட்டில் ஒரு பிள்ளைக்குச் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதினால் இன்னும் நல்லது.

அன்புடன்,
கிளிநொச்சியிலிருந்து